பதிவேட்டின் முதல் பெயர்

பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பேரின் பெயர்கள் இருக்கின்றன. வெவ்வேறு சாதியினர். முதலில் எழுதப்பட்டிருப்பது கிளாரிந்தாவின் பெயர்.

தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த மராத்தியப் பார்ப்பன விதவை அவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியோடு வாழ்ந்தவர். ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் ஓர் ஆணுடன் வாழ்வதைக் காரணம் காட்டி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த வாழ்வில் இரண்டு பேர் இருந்தார்கள். கேள்வி என்னவோ பெண்ணின் வாசலில்தான் வந்து நின்றது. அதிகாரி இறந்த பிறகு, 1778இல், பாளையங்கோட்டைக்கு வந்த ஸ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

கிளாரிந்தாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். உடன்கட்டையிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்ற கதையும் சேர்ந்துகொள்கிறது. அ. மாதவையா 1915இல் அவர் பெயரிலேயே ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். காப்பாற்றப்பட்ட பெண் நமக்கு எப்போதும் நல்ல கதை. ஆனால் எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு அவர் செய்த வேலை.

சபைக்கு உபதேசியார் வேண்டும் என்று தஞ்சைக்குப் போய்க் கேட்டவர் அவர். 1785இல் ஸ்வார்ட்ஸ் பிரதிஷ்டை செய்த ஆலயத்தைக் கட்ட முன்னின்றவர் அவர். ஊர் மக்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தார்கள். (சாதியைத் துறந்து வந்தவரின் ஆலயம் சாதிப் பெயராலேயே நிலைத்துப்போனதைத் தனியே எழுத வேண்டும்.) பொருள் சேர்ப்பது, ஆள் சேர்ப்பது, கட்டடம் எழுப்புவது, போதகரை வரவழைப்பது: ஒரு சபையை அமைப்பதென்றால் இவைதான். அத்தனையும் அவர் செய்தார். 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்தவரோ சத்தியநாதன் என்ற உபதேசியார். அவருடைய தகுதியில் எனக்கு ஐயமில்லை. சபையைக் கட்டிய பெண்ணுக்குச் சபையில் என்ன பதவி என்ற கேள்வி யாருக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. அதில் முதல் பெண்ணாக எலிசபெத் பால் குருப்பட்டம் பெற்றது 1976இல். கிளாரிந்தாவின் ஆலயத்திலிருந்து எண்ணினால் 191 ஆண்டுகள். நந்தியால் பேராயராகப் புஷ்பலலிதா பொறுப்பேற்க 2013 வரை ஆனது.

தமிழ் படித்தவளாக இன்னொன்றும் கண்ணில் படுகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள் என்ற பெண் வருகிறாள். தீமோத்தேயு நிருபத்தில் ஆண்களின் சபைப் பதவியாக ‘உதவிக்காரர்’ என்று தமிழில் வந்த அதே கிரேக்கச் சொல், இவளிடம் வரும்போது ‘ஊழியக்காரி’ ஆகிவிடுகிறது. இரண்டும் பொருத்தமான சொற்களே. ஆனால் ஒன்றைக் கேட்டால் பதவி நினைவுக்கு வருகிறது, மற்றதைக் கேட்டால் துடைப்பம்.

துடைப்பத்தை நான் நன்றாக அறிவேன். எங்கள் ஆர்.கே.பேட்டை, திருத்தணியோடு சேர்ந்து 1960இல் தமிழ்நாட்டுக்கு வந்த பகுதி. தறிச் சத்தத்துக்கு நடுவே தமிழில் பாட்டும் தெலுங்கில் ஜெபமுமாகச் சபை கூடும் ஊர். என் சின்ன வயதில் சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைக் கழுவியவர்கள் பெண்கள். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டு, மாதக் கடைசியில் காணிக்கையாகக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். அந்த அரிசி விற்ற பணம் எதற்குச் செலவானது என்று முடிவு செய்த கமிட்டியில் என் அத்தை ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கமிட்டி கூடுவது ராத்திரி எட்டு மணிக்கு. அந்த நேரத்தில் அத்தை அடுப்படியில் இருப்பார். பெண்கள் வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. நேரமே அதைச் சொல்லிவிடும்.

இப்போது தகரக் கொட்டகைகளிலும் மாடி அறைகளிலும் தனிச் சபைகள் பெருகியிருக்கின்றன. கம்பெனி பஸ்ஸில் ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் அங்கே மனம்விட்டு அழ முடிகிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இங்கே கமிட்டியே கிடையாது. பாஸ்டர் இருப்பார், பாஸ்டரம்மா இருப்பார். பாஸ்டரம்மா பாடுவார், நோயாளியைப் பார்ப்பார், சண்டையை விலக்குவார். அவருடைய அதிகாரம் தாலியோடு வந்தது. கணவர் காலமானால் சபையில் அவர் இடம் என்ன என்பதற்குப் பதில் எழுதி வைக்கப்படுவதில்லை. இடத்தின் பத்திரம் பாஸ்டர் பெயரில் இருந்தால், பெண்கள் தசமபாகம் கொடுத்துக் கட்டிய சபை மகனுக்குச் சொத்தாகப் போகும்.

கமிட்டியுள்ள பழைய சபை, கமிட்டியில்லாத புதிய சபை, இரண்டில் எது மேல் என்று மாணவிகள் கேட்பதுண்டு. குறையிருந்தாலும் தேர்தல் உள்ள சபை என்பேன். அங்கே கேள்வி கேட்க ஓர் இடமாவது இருக்கிறது. அந்த இடத்தை அகலப்படுத்தலாம். கமிட்டியில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும், அதிலும் ஆயரின் உறவுக்காரர்கள் வேண்டாம். கூட்டத்தை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வைக்கட்டும். வரவு செலவை மாதாமாதம் சபை நடுவே வாசிக்கட்டும். காணிக்கைப் பெட்டியின் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் பெண். ஒருவரே இருபது வருஷம் செயலாளராக இருப்பது ஊழியம் ஆகாது. பிரசங்க முறை பெண்களுக்கும் வரவேண்டும், வருஷத்தில் ஒருநாள் பெண்கள் ஞாயிறு அன்று மட்டுமல்ல.

அத்தை சாகும்வரை பிடி அரிசி போட்டார். டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது. மூடியின் உள்பக்கத்தில், எந்த மாதம் எத்தனை படி கொடுத்தார் என்று ஆணியால் கீறி வைத்திருக்கிறார். கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.