வெள்ளீயச் சிப்பாயின் மேலங்கி



டென்மார்க் நாட்டுக் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன் 1838ஆம் ஆண்டிற் சிறுவர் கதையொன்றை வெளியிட்டார். பழைய வெள்ளீயக் கரண்டியை உருக்கி 25 சிப்பாய்ப் பொம்மைகள் வார்த்தனர். கடைசிப் பொம்மைக்கு உலோகம் போதவில்லை. அது ஒற்றைக் காலுடன் நின்றது. அப்பொம்மைகள் சிவப்பும் நீலமுமான உடை தரித்திருந்தன என்று கதை கூறுகின்றது. கதை கேட்கும் குழந்தைக்கு அந்நிறங்கள் வெறும் அழகு. ஆனால், அந்த நூற்றாண்டின் டேனியச் சிப்பாயை இன்று உலோகத்தில் வார்த்து வர்ணம் தீட்டுவோர்க்குச் சிவப்பா, நீலமா என்பது வரலாற்றுக் கேள்வி. அக்கேள்வியின் பின்னால் இரண்டு போர்களும் ஒரு சிறு நாட்டின் பெருந்தோல்வியும் நிற்கின்றன.

பொம்மைப் படைகளை மேசைமீது நிறுத்திப் போர் விளையாடுவது பெரியோர்க்கு ஏற்ற காரியமா என்று நேயர்கள் வினவலாம். இவ்வழக்கம் படை அதிகாரிகளிடையேதான் வளர்ந்தது. ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யப் படை அதிகாரி 1824ஆம் ஆண்டிற் போர் விளையாட்டுக்கான விதிகளை அச்சிட்டார். தேசப்படத்தின்மீது சிறு கட்டைகளை நகர்த்தியும் பகடை உருட்டியும் அதிகாரிகள் படை நடத்தப் பயின்றனர். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட நூலொன்று இவ்விளையாட்டை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. இன்று பல நாடுகளில் ஆர்வலர் சங்கம் அமைத்து, சென்ற காலப் போர்களை ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் உயரமுள்ள உருவங்களைக்கொண்டு மீண்டும் நடத்திப் பார்க்கின்றனர்.

டேனியர் நம்மவர்க்கு முற்றிலும் அந்நியரல்லர். சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடியில் 1620 தொடக்கம், இடையிற் சில காலம் நீங்கலாக, அவர்கள் கொடியே பறந்தது. 1845இல் அவ்வூரை ஆங்கிலக் கும்பனிக்கு விற்ற டென்மார்க், மூன்றே ஆண்டுகளில் தன் தெற்கெல்லையிற் போரிட நேர்ந்தது. ஷ்லெஸ்விக், ஹொல்ஸ்டைன் என்னும் இரு சிற்றரசுகள் டென்மார்க் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்தன. ஆயினும், ஹொல்ஸ்டைனிலும் தென் ஷ்லெஸ்விக்கிலும் வாழ்ந்தோருட் பெரும்பாலார் ஜேர்மன் மொழியினர். அந்நிலம் யாருக்குரியது என்ற வழக்கு 1848 முதல் 1851 வரை ஒருமுறையும் 1864இல் மறுமுறையும் போராய் மூண்டது.

1848ஆம் ஆண்டு வசந்த காலத்தில் முதற் போருக்குப் புறப்பட்ட டேனியக் காலாட்படை செந்நிற மேலங்கி அணிந்திருந்தது. அதே ஆண்டிற் கருநீல மேலங்கி புதிதாய் வகுக்கப்பட்டு, போர் நடக்கும்போதே படிப்படியாகப் படையினரைச் சென்றடைந்தது. ஆகவே, 1848 ஏப்பிரலில் ஷ்லெஸ்விக் நகரருகே நிகழ்ந்த சமருக்கென வார்க்கப்படும் சிப்பாய் சிவப்பு உடையில் நிற்கலாம். 1849 யூலை 6இல் பிரடரீசியாக் கோட்டையிலிருந்து பாய்ந்து முற்றுகையை உடைத்த சமருக்கு அவன் நீலம் பூணவேண்டும். 1864க்குச் சிவப்பு அறவே பொருந்தாது. தூரிகையைத் தோய்க்குமுன் எந்த ஆண்டு, எந்தச் சமர் என்று தீர்மானித்தாக வேண்டும்.

இத்தகைய உருவங்கள் கடைகளில் எளிதிற் கிடைப்பதில்லை. நெப்போலியனின் வீரர்களைப்போல டேனியச் சிப்பாய் விலைபோகமாட்டான். ஆதலால் வார்ப்போர் பலர் அவனை நாடுவதில்லை. வேண்டுவோர் சிலர் பணம் திரட்டிச் சிற்பி ஒருவரிடம் ஒப்படைத்தே செய்விக்க வேண்டும். ஒப்படைப்பவரின் கடமை பணத்தோடு முடிவதில்லை. தொப்பியின் வடிவம், பொத்தான் வரிசை, முதுகுப்பையின் வார், துப்பாக்கியின் நீளம் ஆகியவற்றுக்குச் சான்று காட்ட வேண்டியவரும் அவரே. கொப்பன்ஹேகனில் நான்காம் கிறிஸ்தியன் மன்னன் கட்டிய ஆயுதசாலை இன்று போர் அரும்பொருட்சாலையாக விளங்குகின்றது. அத்தகைய இடங்களிற் பேணப்படும் உடைகளும் ஆயுதங்களும், 1864ஆம் ஆண்டில் எடுத்த நிழற்படங்களும் நம்பத்தக்க சான்றுகள். அணிவகுப்பில் அணிந்தது வேறு, சேற்றிலும் பனியிலும் அணிந்தது வேறு என்பதையும் மறத்தலாகாது.

சிற்பி கம்பியால் உடற்கட்டு அமைத்து, பிசைந்தபின் தானே இறுகும் களிம்பை அதன்மேற் பொருத்தி மூலவுருவை ஆக்குகின்றார். அதனை இறப்பர் அச்சிற் பதித்து, அச்சைச் சுழற்றியபடியே உருகிய வெள்ளீயக் கலவையை ஊற்றுவர். ஓர் அச்சிலிருந்து நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் பிறப்பர். மூலத்தில் ஒரு பொத்தான் பிழைத்தால் அப்பிழை படை முழுவதிலும் பரவும்.

வர்ணம் தீட்டுவதற்கும் நுட்பம் வேண்டும். அசல் துணியின் கருநீலத்தை அப்படியே பூசினால், சிற்றுருவம் தூரத்திற் கறுப்பாகத் தோன்றும். ஆகவே அடிப்பூச்சின்மேற் கருநீலத்தைப் பூசி, மடிப்புகளில் நீர்த்த கருமையை ஓடவிட்டு, மேடுகளிற் சற்று வெளிறிய நீலத்தைத் தொடுவர். காற்சட்டை இளநீலம், பொத்தான் ஒரு சிறு புள்ளி, காலணியில் மாத்திரம் சேற்றின் கபில நிறம்.

உருவம் உண்மையாயிருந்தாற் போதாது. விளையாட்டின் விதியும் உண்மையாயிருத்தல் வேண்டும். 1864இல் டேனிய வீரன் துப்பாக்கியின் வாய்வழியே மருந்திட்டான். அதற்கு அவன் நின்றாக வேண்டும். பிரஷ்ய வீரனின் ஊசித் துப்பாக்கியோ பின்புறத்தில் மருந்தேற்றது. அவன் படுத்தபடியே பன்மடங்கு விரைவாகச் சுட்டான். அவ்வாண்டு யூலை 3இல் லுண்ட்பி என்னும் சிற்றூரில் டேனிய அணியொன்று துப்பாக்கி முனைக் கத்திகளை நீட்டி நெருங்கியது. சில நிமிடங்களில் அவ்வணியில் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். எதிர்ப்பக்கத்தில் மூவரே காயமுற்றனர். இரு துப்பாக்கிகளுக்கும் ஒரே வலிமை அளிக்கும் விதி வரலாற்றைப் பொய்யாக்கும்.

அப்படியாயின், டேனியர் பக்கம் ஆடுபவர் தோற்பதற்கென்றே அமர்கின்றாரா? அன்று. 1864 பெப்ரவரியில் டானவிர்க் என்னும் தெற்கு அரணை ஜெனரல் டி மெசா காத்து நின்றார். அரணின் இரு பக்கங்களுக்கும் காவலாயிருந்த நீர்நிலைகள் கடுங்குளிரில் உறைந்தன. பகைவர் சுற்றிவளைக்க வழி பிறந்தது. 5ஆம் தேதி இரவு அவர் பனியினூடே படையைப் பின்வாங்கச் செய்தார். பெரும் பீரங்கிகள் கைவிடப்பட்டன, படை தப்பியது. தலைநகர் மக்கள் கொதித்தெழுந்தனர். டி மெசா பதவியிழந்தார். ஆயினும், செம்மையாக வகுத்த விளையாட்டில் அவ்விரவின் பின்வாங்கல் வெற்றியாகவே எண்ணப்படும். கொப்பன்ஹேகன் அன்று ஏற்க மறுத்த உண்மையை மேசைமுன் அமர்பவர் தாமே கண்டுகொள்வார்.

டானவிர்க்கிலிருந்து தப்பிய படை டுப்பொல் மேட்டில் முற்றுகையைத் தாங்கி நின்றது. ஏப்பிரல் 18இற் பிரஷ்யர் மேட்டைக் கைப்பற்றினர். ஒக்ரோபர் 30இல் வியன்னா உடன்படிக்கையால் டென்மார்க் ஷ்லெஸ்விக்கையும் ஹொல்ஸ்டைனையும் இழந்தது. வட ஷ்லெஸ்விக் மாத்திரம் 1920இல், மக்கள் வாக்கெடுப்பின் பின்னர் திரும்பியது.

முதற் போரின் நினைவாகப் பிரடரீசியா நகரிற் பிஸ்ஸன் என்னும் சிற்பி வடித்த வெண்கலச் சிலை 1858இற் திறக்கப்பட்டது. அது தளபதியின் சிலையன்று. தன்னாட்டு மரக்கிளையொன்றைக் கையிலேந்திய, பெயரில்லாச் சாதாரணச் சிப்பாயின் சிலை. மேசைமீது நிற்கும் சிற்றுருவமும் அவனையே குறிக்கின்றது. வென்றவனின் உருவத்தை வாங்க ஆட்கள் தாமாகவே வருவர்; தோற்றவனின் உருவத்தை யாரேனும் கேட்டுச் செய்வித்தாலே உண்டு. அவ்வாறு செய்விப்பவர், அவன் நின்ற ஆண்டுக்குரிய மேலங்கியைத் தேடியறிந்து அணிவிப்பது, அவன் நினைவுக்குச் செய்யும் மரியாதையாகும்.