தூரக்கிழக்கு ஒருங்கிணைந்த பணியகமும் சிங்கப்பூரின் வீழ்ச்சியும்: உளவுத் தகவல் ஒருங்கிணைப்பு குறித்த ஒரு வரலாற்று நோக்கு (1935–1942)

முன்னுரை

ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியவர் வள்ளுவர். திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றரின் இயல்பைக் கூறுவதோடு அமையவில்லை. ஒற்றர் கொண்டுவரும் செய்தியை அரசன் எவ்வாறு சோதித்து ஏற்க வேண்டும் என்பதையும் கூறுகிறது. ஓர் ஒற்றன் அறிந்து வந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் செய்தி ஒத்திருந்தால் அதனை நம்பலாம் என்பது அதன் சாரம். ஒற்றர்கள் தனித்தனியே இயங்கலாம். ஆனால் அவர்கள் கொணரும் செய்திகள் ஓரிடத்தில் கூடவேண்டும் என்பதே இதன் உட்கிடை. தற்கால அரசியல் அறிவியலார் உளவுத் தகவல் ஒருங்கிணைப்பு எனக் குறிப்பிடுவதும் இதனையே எனலாம்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. ஆங்கிலேயர் எதிரியைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்தமையால் இவ்வீழ்ச்சி நேர்ந்தது என்னும் கருத்து பொதுமக்களிடையே மட்டுமன்றிப் பாடநூல்கள் சிலவற்றிலும் நிலவி வருகிறது. இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை, ஜப்பானைப் பற்றிய தகவல்களைத் திரட்டுவதற்கென்றே அமைக்கப்பட்ட 'தூரக்கிழக்கு ஒருங்கிணைந்த பணியகம்' என்னும் அமைப்பின் வரலாற்றின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணியகத்தின் தோற்றம்

1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றியது. 1933இல் உலக நாடுகள் சங்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. கீழ்த்திசையில் பிரிட்டனுக்கு நிகரான போட்டி வல்லரசு தோன்றிவிட்டது என்பதை இலண்டன் உணரத் தொடங்கிய காலம் இது. அதுவரை கடற்படை, தரைப்படை, விமானப்படை ஆகிய மூன்றும் ஜப்பானைப் பற்றித் தத்தமக்கு வேண்டிய செய்திகளைத் தனித்தனியே திரட்டி வந்தன. இம்மூன்றையும் ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவரும் முயற்சியாக 1935இல் ஹாங்காங்கில் இப்பணியகம் நிறுவப்பட்டது. தலைமை இலண்டனில் கூட்டு உளவுக் குழு 1936இல்தான் அமைக்கப்பட்டது என்பதை நோக்கும்போது, முப்படைகளையும் இணைக்கும் முயற்சி கீழ்த்திசையில் முந்திக்கொண்டது என்பது குறிப்பிடத்தக்கது.

பணியகத்தின் பெயரில் 'ஒருங்கிணைந்த' என்னும் சொல் இருப்பினும், அதன் நிர்வாகம் கடற்படைத் தலைமையகத்தின் பொறுப்பிலேயே இருந்தது; தலைவராகக் கடற்படை அதிகாரி ஒருவரே அமர்த்தப்பட்டார். ஜப்பானியக் கம்பியில்லாத் தந்திச் செய்திகளை ஒட்டுக்கேட்பதும், அவற்றின் மறைகுறிகளை அவிழ்ப்பதும் அதன் முதன்மைப் பணிகளாக அமைந்தன. ஆஸ்திரேலியாவில் பிறந்தவரும் ஜப்பானிய மொழியில் வல்லவருமான எரிக் நேவ் இப்பிரிவில் பணியாற்றியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

சிங்கப்பூரில் பணியகம்

சீனாவின் மீதான ஜப்பானியப் போர் 1937இல் தொடங்கியபின் ஹாங்காங்கின் பாதுகாப்பு கேள்விக்குறியாயிற்று. 1939 ஆகஸ்டில் பணியகம் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டது. ஹாங்காங்கில் ஒரு சிறு குழு மட்டுமே விடப்பட்டது. தீவின் வடபகுதியில் இருந்த கடற்படைத் தளத்தில் பணியகம் இயங்கியது; கிராஞ்சியில் ஒட்டுக்கேட்கும் நிலையம் செயல்பட்டது.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஜப்பானியக் கடற்படை, பின்னாளில் 'ஜேஎன்-25' எனப் பெயர் பெற்ற புதிய குறிமுறையைக் கையாளத் தொடங்கியது. சொற்களுக்கு ஐந்திலக்க எண்களை இட்டு, அவ்வெண்களோடு வேறோர் அட்டவணையிலிருந்து எடுத்த எண்களைக் கூட்டி அனுப்பும் முறை அது. பிரிட்டிஷ் வல்லுநர் ஜான் டில்ட்மன் அதன் அமைப்பை அவ்வாண்டிலேயே கண்டறிந்தார். எனினும் அட்டவணைகளும் குறிநூலும் மாற்றப்பட்டு வந்தமையால், 1941 டிசம்பர் வரையிலும் அச்செய்திகள் முழுமையாகப் படிக்கக்கூடியனவாக இல்லை. செய்தி எங்கிருந்து புறப்படுகிறது, எக்கப்பல் எக்கப்பலோடு பேசுகிறது என்பன போன்ற குறிப்புகளைக் கொண்டே எதிரியின் நகர்வுகள் பெரும்பாலும் கணிக்கப்பட்டன.

பல வாயில்கள்

ஜப்பானைப் பற்றிய தகவல்கள் இப்பணியகத்தின் வழியாக மட்டும் வரவில்லை. 1940–41இல் சிங்கப்பூரில் இயங்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தினால் அதன் பன்மை புலனாகும். வெளிநாட்டு உளவுக்கு எம்ஐ6 இருந்தது. எதிரி ஒற்றர்களிடமிருந்து படைத்தளங்களைக் காக்க எம்ஐ5இன் பாதுகாப்பு அதிகாரி இருந்தார். உள்நாட்டு அரசியல் கண்காணிப்புக்குக் காவல்துறையின் சிறப்புப் பிரிவு இருந்தது. 1941 மே மாதத்தில் சிறப்பு நடவடிக்கை நிருவாகத்தின் கீழ்த்திசைக் கிளையும் வந்து சேர்ந்தது. தோக்கியோ, பேங்காக், சுங்கிங் ஆகிய இடங்களில் இருந்த தூதரகங்களின் அறிக்கைகளும் வந்துகொண்டிருந்தன.

இவற்றையெல்லாம் கேட்டு முடிவெடுக்கும் அதிகாரமும் ஒருவரிடம் இல்லை. 1940 நவம்பரில் சிங்கப்பூர் வந்தடைந்த தூரக்கிழக்குத் தலைமைத் தளபதி ராபர்ட் புரூக்-போப்பம், தரைப்படைக்கும் விமானப்படைக்கும் மட்டுமே பொறுப்பானவர்; கடற்படை அவர் ஆணைக்கு உட்பட்டதன்று. ஆளுநர் ஷென்டன் தாமஸ் இலண்டனில் உள்ள குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர். மலாயாவின் காவல்துறையே நீரிணைக் குடியேற்றங்கள், கூட்டு மலாய் மாநிலங்கள், கூட்டில் சேரா மாநிலங்கள் எனப் பிரிந்து கிடந்தது.

புரூக்-போப்பம் இக்குறையை உணராதவர் அல்லர். 1941 ஜனவரியில் இலண்டனுக்கு அனுப்பிய தந்தியில், உளவு அமைப்பில் மிக நலிந்த கண்ணி எம்ஐ6தான் என்றும், அதன் செய்திகளைச் சிங்கப்பூரில் எவரும் நம்புவதில்லை என்றும் அவர் தெரிவித்தார். ஒருங்கிணைந்த பணியகமும் கடற்படைச் செய்திகளிலேயே பெரிதும் கவனம் செலுத்துகிறது என்பது அவருடைய மற்றொரு குறை.

அறிந்தும் அறியாமை

செய்தி இருந்தும் பயன்படாமற்போனதற்கு ஜப்பானியரின் 'சீரோ' போர் விமானம் பற்றிய தகவல் தக்க சான்றாகும். 1941 மே மாதத்தில் சீனாவில் ஒரு சீரோ விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் ஆயுதங்கள், எரிபொருள் கொள்ளளவு பற்றிய விவரங்கள் சீனரிடமிருந்து சிங்கப்பூருக்குக் கிடைத்தன. அதன் வேகமும் ஆற்றலும் பற்றிய மதிப்பீட்டைச் சுங்கிங்கிலிருந்த தூதரகத்தின் விமானப்படை அதிகாரியும் அனுப்பினார். ஆனால் தலைமைத் தளபதியின் அலுவலகத்தில் போதிய உளவு அலுவலர்கள் இல்லாமையால், குவிந்து கிடந்த பொதுச் செய்திகளிலிருந்து இவ்வறிக்கை பிரித்தெடுக்கப்படவே இல்லை. போர் முடிந்தபின் 1948இல் வெளியிடப்பட்ட விமானப்படைத் தளபதி மால்ட்பியின் அறிக்கை இதனை ஒப்புக்கொள்கிறது. தம் பஃபலோ விமானங்களைவிடச் சீரோ மிக வல்லது என்பதை விமானிகள் வானில் மோதியபோதுதான் அறிந்தனர்.

இரண்டாவது சான்று மனப்போக்கைச் சார்ந்தது. தோக்கியோவில் இராணுவத் தூதரக அதிகாரியாகப் பணியாற்றிய கர்னல் வார்ட்ஸ் 1941இல் சிங்கப்பூரில் அதிகாரிகளுக்கு உரையாற்றியபோது, ஜப்பானியத் தரைப்படை கட்டுக்கோப்பும் திறனும் மிக்கது என எச்சரித்தார். அவர் உரையாற்றி முடித்ததும், மலாயாத் தரைப்படைத் தளபதியாக அப்போதிருந்த லயனல் பாண்ட் எழுந்து அக்கருத்தைக் கூடியிருந்தோர் முன்னிலையிலேயே மறுத்தார். நேரில் கண்டவரின் சாட்சியத்தை இனமேட்டிமை உணர்வு தோற்கடித்த தருணம் இது.

மூன்றாவது சான்று தாக்குதலின் வழி பற்றியது. ஜப்பானியர் சிங்கோரா, பட்டாணி, கோத்தா பாரு கடற்கரைகளில் இறங்கித் தீபகற்பத்தின் வழியாகத் தெற்கு நோக்கி வரக்கூடும் என்பதை 1937இலேயே தளபதி டாபியும் அவருடைய பணியாளர் தலைவர் பெர்சிவலும் கணித்திருந்தனர். வடகிழக்குப் பருவமழைக் காலமும் எதிரிக்குத் தடையாகாது என்பதும் அவர்கள் கண்ட முடிவாகும். 1941 டிசம்பர் 6ஆம் நாள் ஆஸ்திரேலிய விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பல் தொகுதியை இந்தோசீனாவின் தென்முனைக்கு அப்பால் கண்டு செய்தி அனுப்பியது. தாய்லாந்தின் நடுநிலையை மீறிவிடக் கூடாது என்னும் தயக்கத்தால் தென் தாய்லாந்தை முற்பட்டுக் கைப்பற்றும் 'மட்டடோர்' திட்டம் தொடங்கப்படவில்லை. டிசம்பர் 8ஆம் நாள் நள்ளிரவு கடந்து கோத்தா பாருவில் எதிரி இறங்கினான். விடியுமுன் சிங்கப்பூரில் குண்டுகள் விழுந்தன.

காவல்துறையின் பார்வை

சிங்கப்பூரில் 1915இல் நிகழ்ந்த சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பின் உருவாகி வளர்ந்ததே காவல்துறையின் அரசியல் புலனாய்வு. 1930களில் ஜப்பானியரைக் கண்காணிக்கும் பிரிவும் அதில் சேர்க்கப்பட்டது. பத்து பகாட், டுங்குன் பகுதிகளில் இருந்த ஜப்பானியரின் இரும்புச் சுரங்கங்களும், நகரங்களில் இருந்த புகைப்பட நிலையங்களும் ஐயத்துக்கு உரியனவாயின. ஜப்பானியத் துணைத் தூதரகத்தோடு தொடர்புடைய பத்திரிகை அதிகாரி ஷினொசாக்கி 1940இல் கைது செய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்.

எனினும் சிறப்புப் பிரிவின் ஆற்றல் பெரிதும் வேறு திசையிலேயே செலவாயிற்று. பொதுவுடைமைக் கட்சியின் பொதுச் செயலாளராக 1939இல் உயர்ந்த லாய் தெக் காவல்துறையின் கையாளாக இருந்தார் என்பது அதன் ஊடுருவல் திறனைக் காட்டும். 1941இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் ஊதிய உயர்வும் மதிப்பான நடத்துமுறையும் கேட்டு வேலை நிறுத்தம் செய்தனர். அதன் தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார், போராட்டத்தை அடக்க இந்தியப் படையினர் வரவழைக்கப்பட்டனர், உயிர்களும் பறிபோயின. எதிரி வாயிலில் நிற்கத் தம் குடிகளையே எதிரியாகக் கண்ட ஆட்சியின் இயல்பு இதில் வெளிப்படுகிறது.

இவ்விடைவெளியை ஜப்பானியர் பயன்படுத்திக்கொண்டனர். 1941இன் பிற்பகுதியில் மேஜர் புஜிவாரா இவாய்ச்சி ஒரு சிறு குழுவுடன் பேங்காக் வந்து, இந்திய சுதந்திரச் சங்கத்தின் பிரீதம் சிங்கோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டார். ஜித்ரா தோல்விக்குப் பின் கேப்டன் மோகன் சிங் அக்குழுவோடு இணைந்தார். இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் அதுவாயிற்று. ஜப்பானியத் தரைப்படைக்கும் கடற்படைக்கும் இடையிலும் கடும் பிணக்கு இருந்ததுண்டு. ஆயினும் மலாயாவைப் பொறுத்தவரை அவர்கள் திரட்டிய செய்தி ஒரே நோக்கத்துக்காகத் திரட்டப்பட்டது. அதனைப் பயன்படுத்தும் படைத்தலைமையிடமே நேரே சென்றது.

கொழும்பில் கண்ட மாற்றம்

1942 ஜனவரித் தொடக்கத்தில் பணியகத்தின் கடற்படைப் பிரிவு கொழும்புக்கு இடம்பெயர்ந்தது. தரைப்படை, விமானப்படைச் செய்திகளுக்கான பணி டில்லியில் நிலைகொண்டது. பெயரளவில் இருந்த ஒருங்கிணைப்பும் இவ்வாறு கலைந்தது. ஆனால் கொழும்புக் குழுவினர் மார்ச் மாத இறுதியில், ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையைத் தாக்கவிருப்பதை முன்னறிந்து அட்மிரல் சோமர்வில்லுக்குத் தெரிவித்தனர். நாள் கணிப்பில் சில நாள் பிழை நேர்ந்தது. ஏப்ரல் 5, 9 ஆகிய நாள்களில் கொழும்பும் திருகோணமலையும் தாக்கப்பட்டபோது கப்பல்கள் சில மூழ்கின. எனினும் பிரிட்டிஷ் கடற்படையின் பெரும்பகுதி தப்பியது. தகவல் திரட்டியோருக்கும் முடிவெடுப்போருக்கும் இடையில் இருந்த தூரம் குறைந்ததே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எனக் கொள்ள இடமுண்டு.

முடிவுரை

உளவு ஒருங்கிணைப்பு செம்மையாக இருந்திருந்தால் சிங்கப்பூர் காப்பாற்றப்பட்டிருக்கும் என நாம் வாதிடவில்லை. 1940இல் உள்ளூர்த் தளபதிகள் கேட்டவை 582 முன்னணி விமானங்கள். இலண்டன் இசைந்தவை 336. போர் தொடங்கியபோது இருந்தவையோ 158. ஐரோப்பியப் போரில் சிக்கியிருந்த பேரரசின் வறுமையை எந்த உளவுப் பணியகமும் போக்கியிருக்க முடியாது. ஆயினும் அறியாமையால் வீழ்ந்தனர் என்னும் விளக்கம் பொருந்தாது என்பது தெளிவு. செய்தி இருந்தது, அதனைச் சேர்த்து நிறுத்து, உரியவரிடம் உரிய காலத்தில் கொண்டுசேர்க்கும் அமைப்பும், அதனை ஏற்கும் மனப்பாங்கும் இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத ஒற்றர் பலர் இருந்தனர். மூவர் சொல்லையும் ஒருங்கே கேட்கும் செவி இல்லை.

இத்துறையின் ஆவணங்கள் நெடுங்காலம் மூடிவைக்கப்பட்டிருந்தன. மறைகுறி முறிப்புப் பற்றிய பல கோப்புகள் 1990களில்தான் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் திறக்கப்பட்டன. 1957இல் வெளிவந்த அதிகாரபூர்வப் போர் வரலாறு பேசாமல் விட்டதை அதன் பின்னரே ஆய்வாளர்கள் பேச முடிந்தது. எனவே பழைய நூல்களைச் சார்ந்து எழுதப்பட்ட பாடங்களை ஆசிரியர்கள் மறுபார்வைக்கு உட்படுத்துவது நலம்.

அக்கோப்புகளை ஒருநாளும் கண்டிராதவர்களே அத்தோல்விக்குப் பெருவிலை கொடுத்தனர். அடுத்த இரண்டாண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை. அரசுகளின் உளவு வரலாற்றை எழுதும்போது, அவ்வரசுகள் எவற்றை அறிந்திருந்தன என்பதோடு, யாரைக் காக்கவேண்டும் எனக் கருதின என்பதையும் சேர்த்தே வினவ வேண்டியுள்ளது. நம் மாணவர்க்கு இவ்வினாவை எடுத்துச் செல்வது வரலாறு கற்பிப்போரின் கடமையாகும்.