எரிந்தது எவருடைய நூலகம்?

யாழ் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதைப் பற்றி எழுதும்போதெல்லாம், 1933 மே 10ஆம் திகதி பேர்லினில் நாசிகள் மூட்டிய தீயை நாம் துணைக்கு அழைக்கிறோம். ஒடுக்குமுறை புத்தகங்களில் எப்படிக் கை வைக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. நான் விரிவுரையாளனாக இருந்த காலத்து ஐரோப்பிய வரலாற்றுப் பாடநூல்களிலும் அந்தத் தீ இருந்தது. மார்க்ஸ், பிராய்ட், ரெமார்க் எனப் பெயர்களும் இருந்தன. ஆனால் நான்கு நாட்கள் முன்னதாகச் சூறையாடப்பட்டு, அந்தத் தீக்குப் பெருந்தொகை நூல்களைக் கொடுத்த நூலகம் எது என்பது அவற்றில் இல்லை. அது மக்னுஸ் ஹிர்ஷ்பெல்ட் என்ற மருத்துவரின் பாலியல் ஆய்வு நிறுவனத்தின் நூலகம். இந்த விடுபடல் தற்செயலானதல்ல என்பதே என் வாதம்.

ஹிர்ஷ்பெல்ட் 1868இல் பிறந்த யூதர், சமபாலுறவாளர். ஒன்றிணைந்த யேர்மனியின் 1871ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் 175ஆம் பிரிவு ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கியிருந்தது. மிரட்டிப் பணம் பறிப்போர் அச்சட்டத்தால் பிழைத்தார்கள். மிரட்டப்பட்டோரில் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 1897இல் பேர்லினில் அவரும் நண்பர்கள் மூவரும் தொடங்கிய விஞ்ஞான மனிதாபிமானக் குழுவே சமபாலுறவாளரின் உரிமைக்காக உலகில் தோன்றிய முதல் அமைப்பு எனக் கருதப்படுகிறது. 175ஐ நீக்கக் கோரிய அதன் மனுவில் பின்னாளில் ஐன்ஸ்ரைன், தோமஸ் மான், கேத்தே கொல்விட்ஸ் ஆகியோரும் கையொப்பமிட்டனர். அதற்காக நாடாளுமன்றத்தில் முதலில் குரல் கொடுத்தவர் தொழிலாளர் தலைவர் ஓகஸ்ட் பேபல்; ஆண்டு 1898.

1919இல் திறக்கப்பட்ட நிறுவனத்தில் ஆய்வும் நடந்தது, சிகிச்சையும் நடந்தது, பணமில்லாதோருக்கு ஆலோசனையும் கிடைத்தது. ஆணாகப் பிறந்ததாகக் கொள்ளப்பட்டுப் பெண்ணாக வாழ விரும்பியோர் சிலருக்கு அங்கே வேலை கிடைத்தது. பெண்ணுடையில் தெருவில் நடந்ததற்காகக் கைதாகாமலிருக்கப் பொலிஸார் வழங்கிய அத்தாட்சிக்கு மருத்துவச் சான்று எழுதியதும் இந்த நிறுவனம்தான். 1920இல் மூனிச் நகரில் வலதுசாரிகள் ஹிர்ஷ்பெல்டை அடித்து வீழ்த்தினார்கள். அவர் இறந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுத, அதை அவரே படித்தார். அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. அக்கால மருத்துவர் பலரைப் போல இனமேம்பாட்டுக் கொள்கையில் அவரும் நம்பிக்கை வைத்திருந்தார். அக்கொள்கையை நாசிகள் எங்கு கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பது நாம் அறிந்ததே.

1929இல் நாடாளுமன்றச் சட்டக் குழு 15க்கு 13 என்ற வாக்குகளால் 175ஐ நீக்கத் தீர்மானித்தது. இடதுசாரிகளின் ஆதரவின்றி இது நடந்திராது. ஆனால் முழுச் சபை அதை நிறைவேற்றவே இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, நாசித் தலைவர்களில் ஒருவரான ஏர்ன்ஸ்ட் றோம் சமபாலுறவாளர் என்பதை அம்பலப்படுத்தி அரசியல் இலாபம் தேடியதும் சமூக ஜனநாயகப் பத்திரிகைகள்தான். 1934இல் சோவியத் ஒன்றியம் சமபாலுறவை மீண்டும் குற்றமாக்கியது. அதே ஆண்டு மார்க்சிம் கோர்க்கி அதைப் பாசிசத்தோடு முடிச்சுப் போட்டு எழுதினார். நாசிகளோ அதை யூதச் சீரழிவு என்றார்கள். எதிரியின் முகத்தில் பூசுவதற்கு எல்லோரும் ஒரே சேற்றையே அள்ளினார்கள்.

மே 6ஆம் திகதி காலை நிறுவனத்துக்குள் வாத்தியக் குழுவோடு புகுந்தவர்கள் உடற்பயிற்சிக் கல்லூரி மாணவர்கள். மே 10 ஊர்வலத்தில் ஹிர்ஷ்பெல்டின் மார்பளவுச் சிலையும் கொண்டு செல்லப்பட்டது. 1930இல் உலகப் பயணம் புறப்பட்டு, 1931இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்துபோன அவர், அதன்பின் யேர்மனிக்குத் திரும்பவே இல்லை. தன் நூலகம் எரிவதைப் பாரிசில் ஒரு சினிமாக் கொட்டகையில், செய்திப்படத்தில் பார்த்தார். அந்த நகரில் நிறுவனத்தை மீண்டும் நிறுவ முயன்றும் முடியவில்லை. 1935 மே 14, தனது 67ஆவது பிறந்தநாளில், நீஸ் நகரில் இறந்தார். அவருடைய துணைவர்களில் ஒருவரான கார்ல் கீசெ 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவில் தற்கொலை செய்துகொண்டார். அகதி வாழ்வின் இந்த முடிவுகள் எமக்குப் புதியவையல்ல.

1935இல் நாசிகள் 175ஐ மேலும் கடுமையாக்கினார்கள். அவர்களுடைய ஆட்சியில் ஏறத்தாழ 50,000 பேர் தண்டிக்கப்பட்டனர். 5,000 முதல் 15,000 பேர் வரை வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே அவர்களது அடையாளம் இளஞ்சிவப்பு முக்கோணம். 1945இல் முகாம்களின் கதவுகள் திறந்தன. ஆனால் இவர்கள் சட்டத்தின் முன் தொடர்ந்தும் குற்றவாளிகளே. கிழக்கு யேர்மனி 1950இல் நாசிகளுக்கு முந்திய வடிவத்துக்குத் திரும்பி, 1968இல் அப்பிரிவைக் கைவிட்டது. ஜனநாயக மேற்கு யேர்மனியோ நாசிகள் திருத்திய வடிவத்தையே 1969 வரை வைத்திருந்து, மேலும் ஏறத்தாழ 50,000 பேரைத் தண்டித்தது. நட்டஈட்டுச் சட்டம் இவர்களைப் பாதிக்கப்பட்டோராக ஏற்கவில்லை. 175 செல்லும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் திகதி மே 10. அப்பிரிவு முற்றாக நீங்கியது 1994இல். நாசிக்காலத் தீர்ப்புகள் 2002இலும், போருக்குப் பிந்திய தீர்ப்புகள் 2017இலுமே இரத்தாயின. அதற்குள் தண்டிக்கப்பட்டோரில் பெரும்பாலானோர் இறந்துவிட்டார்கள்.

இத்தனை அழிவுகளைக் கண்ட ஒரு சமூகத்துக்கு இந்த விவாதம் தேவையா என்று எம்மவர் சிலர் கேட்பார்கள். 'முதலில் விடுதலை, மற்றவை பிறகு' என்ற வாய்பாடு பெண்களுக்கும் தலித்துகளுக்கும் ஏற்கெனவே சொல்லப்பட்டதுதான். யேர்மனியில் அந்தப் 'பிறகு' 49 ஆண்டுகள் நீண்டது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு, பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த சட்டத்தின் எச்சம். 1995இல் அதைத் திருத்தியபோது அரசு பெண்களையும் அதற்குள் அடக்கியது. அந்த அரசின் எத்தனையோ சட்டங்களைக் கண்டித்த எமது மேடைகளில் இந்தத் திருத்தத்தைக் கண்டித்து ஒரு குரலை நான் கேட்டதில்லை.

எமது நூலகத்தின் சாம்பலைப் பேர்லினின் சாம்பலோடு ஒப்பிடும் உரிமை எமக்கு உண்டு. அப்படி ஒப்பிடுகிறவர்கள், பேர்லினில் எரிந்தது எவருடைய நூலகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் இன்னொரு கேள்வியையும் தவிர்க்க முடியாது: நாம் கேட்ட விடுதலைக்குள் இவர்களும் இருந்தார்களா? இதை விவாதத்துக்கு முன்வைக்கிறேன்.