பங்கீட்டு முட்டையும் வளவுக் கோழியும்

போரின் வரலாறு எழுதப்படும்போது படைத்தலைவர்களின் பெயர்களும் போர்க்கப்பல்களின் பெயர்களும் முதலிடம் பெறுகின்றன. அடுக்களையின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படாமலே போய்விடுகின்றது. ஆயினும், ஒரு நாடு பசியை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை அறிய விரும்புவோர் அடுக்களையின் பின்புறத்தையே நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய மக்கள் தம் வீட்டு வளவுகளிலே வளர்த்த முட்டைக் கோழிகளின் கதை அத்தகையதொன்றாகும்.

1939ஆம் ஆண்டில் போர் மூண்டபோது, பிரித்தானியா தன் உணவின் பெரும்பகுதிக்குக் கடல் கடந்த நாடுகளையே நம்பியிருந்தது. மனிதர் உண்ணும் கோதுமை மட்டுமன்றி, கோழிகளுக்கு வேண்டிய தானியமும் கப்பலிலேயே வந்தது. டென்மார்க்கும் ஒல்லாந்தும் முட்டைகளை அனுப்பி வந்தன. 1940 ஏப்ரலில் டென்மார்க்கும், அடுத்த மாதத்தில் ஒல்லாந்தும் ஜேர்மனியர் வசமாயின. அட்லாந்திக் சமுத்திரத்திலோ நீர்மூழ்கிக் கப்பல்கள் வணிகக் கப்பல்களை வேட்டையாடின. கப்பலில் எஞ்சிய இடத்தை எதற்குக் கொடுப்பது என்ற வினா எழுந்தது. கோழிக்குத் தானியத்தை ஊட்டி முட்டையாகப் பெறுவதிலும், அத்தானியத்தை மனிதர் நேரே உண்பதே சிக்கனம் என்று அரசு முடிவு செய்தது. பெரும் பண்ணைகளுக்குத் தீன் குறைந்தது. கோழிக் கூட்டங்களும் குறைந்தன.

உணவுப் பங்கீடு 1940 ஜனவரியில் தொடங்கியது. 1941 ஜூன் மாதம் முட்டையும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வளர்ந்தவர் ஒருவருக்கு வாரம் ஒரு முட்டை என்பதே கணக்கு, அதுவும் கிடைத்தால்தான். கருவுற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் முன்னுரிமை அளிக்கப்பட்டது. 1942இல் அமெரிக்காவிலிருந்து முட்டைத்தூள் வந்திறங்கிற்று. 12 முட்டைகளுக்கு ஈடான தூள் ஒரு சிறு பொதியில் அடங்கிற்று. கப்பலில் இடத்தை மிச்சப்படுத்தியதென்னவோ உண்மைதான். ஆனால் அவித்த முட்டையை உடைத்துண்ணும் இன்பத்தைத் தூள் தருமா?

இந்நிலையில்தான் வளவுக் கோழி பொருட்படுத்தத்தக்க ஒன்றாயிற்று. அரசு வகுத்த ஏற்பாடு எளிமையானது. கோழி வளர்க்கும் குடும்பம் தன் முட்டைப் பங்கை அரசிடமே விட்டுக்கொடுத்தல் வேண்டும். அதற்கு மாற்றாக, கோழிகளுக்கென ஓரளவு கலவைத் தீன் வழங்கப்படும். அயல்வீட்டார் தம் பங்கையும் கோழி வளர்ப்பவரிடம் பதிந்து, அதற்கீடாக முட்டை பெறுவதும் உண்டு. இதனால், ஒருவர் கோழி வளர்க்கத் தெருவே காய்கறித் தோல்களைக் கொண்டுவந்து கொடுத்தது.

இது கேட்பதற்கு எளிது. செய்வதற்கு அத்துணை எளிதன்று. கடையில் உறுதியாகக் கிடைக்கும் ஒன்றை விட்டுவிட்டு, கூட்டில் கிடைக்கக்கூடிய பலவற்றை நம்புவது எந்தக் குடும்பத்திற்கும் துணிவான செயலே. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு வாரம் தவறாது முட்டை கிடைத்தாலும் ஆண்டிற்கு 208 முட்டைகளே ஆகும். ஒரு நல்ல பேடு ஆண்டொன்றில் 150 முட்டைகள் இடுமாயின், இரண்டு பேடுகளே அத்தொகையைத் தாண்டிவிடும். ஆனால் கூட்டிற்குள் நரி புகுந்தாலோ, நோய் கண்டாலோ, அக்குடும்பத்திற்குக் கோழியும் இல்லை, கூப்பனும் இல்லை. கணக்கு மெய்யாவதும் பொய்யாவதும் பராமரிப்பையே பொறுத்திருந்தது.

வழங்கப்பட்ட தீன் தனியே போதாது. உருளைக்கிழங்குத் தோல், கோவா இலை, பாண் துண்டு, தட்டில் எஞ்சிய சோறுகறி யாவற்றையும் ஒன்றாய் அவித்து மசித்து, அதனுடன் கலவைத் தீனைச் சேர்த்து, கையிற் பிடித்தால் உருண்டையாகவும் விட்டால் உதிர்வதாகவும் பிசைவர். நீர் மிகுந்தால் உணவு விரைவில் புளித்துவிடும். பறவைக்குப் பல் இல்லாமையால், இரையை அரைக்கச் சிறு கற்கள் வேண்டும். ஓடு உறுதிபெறச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்கெனச் சிப்பித் தூளை வைத்தனர். முட்டை ஓடுகளையும் வீசாது, சூட்டடுப்பில் உலர்த்தி நொறுக்கிக் கொடுத்தனர். நொறுக்காது கொடுத்தால், கோழி தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும் என்பதை அனுபவம் கற்பித்தது.

பருவமும் ஒரு பகையாக நின்றது. நிலநடுக்கோட்டை அண்டிய இலங்கையிலே பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறுவதில்லை. இலண்டனிலோ டிசம்பர் மாதத்துப் பகல் ஏறக்குறைய 8 மணித்தியாலமே. பேடு நன்கு முட்டையிட 14 மணித்தியால வெளிச்சமாவது வேண்டும். இலையுதிர் காலத்தில் கோழி தன் இறகை உதிர்த்துப் புதுப்பிக்கையில் முட்டையிடுதல் நின்றுவிடும். பின் வரும் இருண்ட மாதங்களும் அதற்கு உதவுவதில்லை. கூட்டில் விளக்கேற்றிப் பகலை நீட்டலாம் எனினும், வெளியே ஒளிக்கீற்றும் தெரியலாகாது என்ற இருட்டடிப்பு விதி அதற்கு எளிதில் இடங்கொடாது. ஆகவே, வசந்த காலத்தில் மிஞ்சும் முட்டைகளை நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலில் இட்டு, வாளிகளிலே மாதக்கணக்காகப் பேணினர். வசந்தத்தில் பொரித்த குஞ்சுகள் ஐந்தாறு மாதத்தில் பருவமடைந்து இலையுதிர் காலத்தில் இடத் தொடங்குவதால், குளிர்காலத்துக்கென அவற்றை வளர்த்தனர்.

இவற்றோடு நாள்தோறும் செய்யவேண்டிய சிறு பணிகள் பல. தண்ணீர் உறைந்துபோகாமற் காத்தல், ஈரமான வைக்கோலை மாற்றுதல், இறகிலுள்ள பேனை உதறக் கோழி புரள்வதற்கு உலர்ந்த மண்ணும் சாம்பலும் வைத்தல், மாலையில் கதவை மறவாது அடைத்தல் ஆகியன அவற்றுட் சில. பகலில் தடிகளின் பிளவுகளில் ஒளித்திருந்து, இரவில் இரத்தம் உறிஞ்சும் செவ்வுண்ணியை அறியாது விட்டால், காரணம் விளங்காமலே முட்டை குறையும். இப்பணிகளைப் பெரும்பாலும் பெண்களும் முதியோரும் பள்ளிச் சிறுவரும் செய்தனர். முட்டையிடுதலை நிறுத்திய கோழிக்குத் தீன் செலவிடுவது அக்காலத்தில் இயலாது. அது சட்டிக்கே செல்லவேண்டும். ஆயின், குழந்தைகள் பெயரிட்டு அழைத்த கோழியை உண்ண மனம் வராத வீடுகளும் பல இருந்தன.

போர் 1945இல் முடிந்தபோதும் பங்கீடு முடியவில்லை. வளவில் கோழி வளர்ப்பதைத் தடுக்கும் வாடகை ஒப்பந்த நிபந்தனைகள் செல்லா என 1950ஆம் ஆண்டின் தோட்டத்துண்டுச் சட்டம் விதித்தது. சட்டம் கூறுவது பேட்டையே. விடியலில் அயலாரை எழுப்பும் சேவலையன்று. வியாபாரமாக அல்லாமல் வளர்த்தலும், பிறர்க்குத் தொல்லையாகாதிருத்தலும் அதன் நிபந்தனைகள். 1953 மார்ச்சில் முட்டைப் பங்கீடு ஒழிந்தது. மலிவான தானியம் மீண்டும் வந்தது. ஆயிரக்கணக்கான கோழிகளைக் கம்பிக் கூடுகளில் அடைத்து வளர்க்கும் பண்ணைகள் பெருகின. முட்டை மலிந்தது, வளவுக் கூடுகள் வெறுமையாயின. அக்கம்பிக் கூடுகளின் கொடுமையை 1964இல் ரூத் ஹரிசன் எழுதிய ‘விலங்கு யந்திரங்கள்’ என்னும் நூல் உலகறியச் செய்தது. அசையவும் இடமற்ற பழைய வகைக் கூடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012இல்தான் முற்றாக விலக்கப்பட்டன.

இவ்வரலாற்றின் இறுதிப் பகுதி வியப்பிற்குரியது. கால்நடைகளைத் தாக்கும் கால்வாய் நோய் 2001இல் பிரித்தானியாவிற் பரவியபின், அடுக்களைக் கழிவைக் கால்நடைக்கும் கோழிக்கும் ஊட்டுதல் அங்கே தடைசெய்யப்பட்டது. இறைச்சித் துணுக்குகளோடு நோயும் பரவும் என்பதே காரணம். வீட்டு வளவில் நிற்கும் இரண்டு கோழிகளுக்கும் இத்தடை பொருந்தும். பறவைக் காய்ச்சலின் பொருட்டு, 2024 அக்டோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரேயொரு கோழி வளர்ப்பவரும் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. ஒரு தலைமுறைக்கு நாட்டுப்பற்றாக இருந்த செயல், அடுத்த தலைமுறைகளுக்குக் குற்றமாயிற்று. இரண்டிற்கும் அவ்வக் காலத்தில் நியாயம் இருந்தது என்பதை மறுத்தற்கில்லை.

எனினும் அக்காலத்து வளவுகள் உணர்த்திய ஓர் உண்மை மாறவில்லை. அரசு தீனைக் கொடுக்கலாம், விதியைத் தளர்த்தலாம். முட்டையைக் கொடுப்பதற்கு அதனால் இயலவில்லை. மாலைதோறும் மறவாது கூட்டுக் கதவை அடைத்த கையே அதனைக் கொடுத்தது.