சாயம் அரைத்தவன் முகம்

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கத்துக்கணும்னா பழைய மேதை ஒருத்தர் படத்தை அப்படியே பார்த்து வரையணும் என்றார் வாத்தியார். மற்றவர்கள் ராணிகளையும் பிரபுக்களையும் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்தது ஓர் அடிமையின் முகம். ஸ்பெயின் நாட்டு வெலாஸ்கெஸ் 1650இல் ரோமில் வரைந்த ஹுவான் தெ பரேஹா.

முகத்துக்கென்றே ஒரு டியூப் விற்கிறான். மேலே ‘தோல் நிறம்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். பிதுக்கினால் ரோஸ் கலர். யாரோட தோல் அது? பரேஹாவுக்கும் சேரல, எனக்கும் சேரல. மூடி வைத்துவிட்டு பழுப்பு, காவி, மஞ்சள் காவி, கொஞ்சம் சிவப்பு என்று குழைத்தேன். அடிப்பூச்சில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெய் அதிகம். மாற்றிப் பூசினால் பின்னால் வெடித்துவிடும். நெற்றியில் விழும் வெளிச்சத்துக்கு மட்டுமே பத்து நாள் ஆனது.

பரேஹா வெலாஸ்கெசின் அடிமை. எசமானுக்குச் சாயம் அரைத்தவர், ஒளிந்து ஒளிந்து வரையக் கற்றார், அவர் படத்தைப் பார்த்த மன்னர் நான்காம் பிலிப் மனமிரங்கி விடுதலை வாங்கித் தந்தார் என்று 1724இல் பலோமினோ எழுதிவைத்தார். அரசனின் கருணைக் கதைகள் நமக்கும் புதுசில்லை. ஆனால் கிடைத்திருக்கும் பத்திரம் வேறு சொல்கிறது. 1650 நவம்பர் 23 அன்று ரோமில் வெலாஸ்கெஸ் எழுதிக்கொடுத்தது அது. மன்னர் இருந்ததோ ஸ்பெயினில். அதிலும் விடுதலை உடனே இல்லை, இன்னும் நாலு வருஷம் ஊழியம் செய்யணும். அந்த மார்ச்சிலேயே படத்தை பாந்தியனில் வைத்து ஊரே மெச்சியது. மெச்சப்பட்ட முகத்துக்காரர் அன்றைக்கும் அடிமைதான்.

பிறகு பரேஹா சொந்தமாக வரைந்தார். 1661இல் வரைந்த ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ இன்று மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடது ஓரத்தில் அவரே நிற்கிறார், கையிலுள்ள தாளில் தன் பெயரோடு. எசமான் வரைந்த முகத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தன்னைத்தானே வரைந்தபோது தோலை வெளுத்திருக்கிறார், மூக்கைக் கூர்மையாக்கியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வரல. பள்ளிக்கூடத்தில் ‘உன்னை வரை’ என்றபோது நானும் அந்த ரோஸ் கலரைத்தானே பூசினேன்.

பரேஹா படம் முடிந்துவிட்டது. தட்டில் மிச்சமிருந்த சாயத்தைக் கழுவவில்லை. அதில் இப்போது எங்கம்மா முகத்தைத் தொடங்கியிருக்கிறேன். வெள்ளை கொஞ்சம்தான் தேவைப்படுது.