சம்பூரிலிருந்து ஓர் அழைப்பு

சென்ற மாரிகாலத்தில் ஓர் இரவு, எட்டு மணி கடந்திருக்கும். சம்பூரிலிருந்து மருமகன் அழைத்தான். "மாமா, நெற் வேலை செய்யுதில்லை. காணிப் பத்திரத்த இண்டைக்கு இரவுக்குள்ள சட்டத்தரணிக்கு அனுப்ப வேணும். நாளைக்குக் காலமை வழக்கு" என்றான். மூதூரில் ஒரு கடையில் ஸ்கேன் செய்வித்துக் கொண்டுவந்த ஏழு பக்கங்கள் வீட்டுக் கணினியில் கிடந்தன. அவன் கையிலிருந்ததோ பேசுவதற்கு மட்டுமே பயன்படும் பொத்தான் போன். வெளியே இடி, மழை.

பத்திரிகைக் காரியாலயங்களில் வாழ்நாளைக் கழித்த எனக்கு உறவினர் மத்தியில் கணினி வைத்தியன் என்றொரு பட்டமும் உண்டு. நானாகத் தேடிக்கொண்டதல்ல. நோயாளியை நேரில் பாராது மருந்து சொல்லும் அந்த வேலையைக் கொழும்பிலிருந்து தொலைபேசி வழியே தொடங்கினேன்.

சம்பூருக்குக் கம்பி வழி இணையம் இல்லாத வீடுகளில் வழக்கம்போல் சிம் அட்டை செருகிய ஒரு ரௌட்டர்தான். அதன் விளக்குகள் எரிகின்றன என்றான். நிறுத்திவிட்டு மீண்டும் போடச் சொன்னேன். மாற்றமில்லை. டேட்டா தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். அன்று காலைதான் பணம் போட்டதாகச் சொன்னான். கறுப்புத் திரையைத் திறந்து 'பிங்' கட்டளையை எழுதச் சொன்னேன்.

இந்தப் பிங் பற்றி ஒரு வார்த்தை. 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர், தமது வலையமைப்பில் ஏற்பட்ட விசித்திரமான கோளாறொன்றைக் கண்டுபிடிக்க எழுதிய சிறு செயலி அது. கடலுக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்டு நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறிகிறார்களே, அந்தச் சோனாரின் ஓசையையே அவர் பெயராக வைத்தார். ஒரு சிறு தகவல் பொதியை அனுப்பு. திரும்பி வருகிறதா, எத்தனை மில்லிசெக்கனில் வருகிறது என்று பார். அவ்வளவுதான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு வீசிய கடற்படைத் துறைமுகத்தின் எதிர்க்கரையில், கொட்டியாரக் குடாவின் ஓரத்தில் அமர்ந்து ஒரு பையன் பிங் அடிப்பது எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

முதலில் 127.0.0.1. கணினி தன்னைத்தானே கூப்பிட்டுப் பார்க்கும் எண் அது. நான்கு பொதிகளும் திரும்பின. அடுத்து ரௌட்டரின் எண்ணான 192.168.1.1. நான்கும் திரும்பின. எனவே வீட்டுக்குள் கோளாறில்லை. "இனி வெளியில பாப்பம்" என்றேன். பழைய இயந்திரம், ஒவ்வொரு கட்டளைக்கும் அது யோசித்துப் பதில் சொல்லியது. அந்த இடைவெளிகளில் என் நினைவு பின்னோக்கிப் போயிற்று.

செய்தி கொண்டுவரும் வழி அறுந்துபோவது எங்கள் தொழிலுக்குப் புதிதல்ல. 1850இல் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை, காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த ஐரோப்பியச் செய்திகளைக் கொழும்புக்குக் கொண்டுவரப் புறாக்களைப் பயன்படுத்தியது. 1858இல் தந்தி வந்த பின்னரே புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. பருந்து புறாவைத் தூக்கிச் சென்றால் அன்றைய ஆசிரியர் எங்கே பிழை பார்த்திருப்பார் என்று நான் யோசித்ததுண்டு.

இலங்கையில் வணிக ரீதியான இணையச் சேவை 1995இல் ஆரம்பமாயிற்று. எங்கள் காரியாலயத்துக்கு அது வந்தபோது ஒரே கணினி, ஒரே தொலைபேசி இணைப்பு. அதையும் ஃபாக்ஸ் இயந்திரத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். மொடெம் கீச்சிட்டு முழங்கி இணைவதற்குள் பக்கம் மூடும் நேரம் நெருங்கிவிடும். பிழை 680 என்றால் டயல் ஓசை இல்லை. யாரோ ரிசீவரைக் கையில் எடுத்திருக்கிறார்கள். 678 என்றால் எதிர்முனை பதிலளிக்கவில்லை. 691 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. இந்த மூன்று எண்களையும் பிள்ளைகளின் பிறந்த தினங்களைவிட நன்றாக அறிந்திருந்தோம். மழையில் நனைந்த கம்பியில் வேகம் விநாடிக்கு 9,600 பிட்டுக்கு இறங்கிவிடும். இருநூறு கிலோபைட் படமொன்று வந்துசேர மூன்று நிமிடம். இடையில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

2004 ஆகஸ்டில் ஒருநாள் வீட்டில் இணையம் நின்றது. மொடெத்தைக் கழற்றினேன், சுவரிலிருந்த தொலைபேசிப் பெட்டியைத் திறந்தேன், ஏதோ விளையாட்டுச் செயலியை நிறுவியதற்காக மகனையும் ஏசினேன். மாலையில்தான் செய்தி கிடைத்தது. கொழும்புத் துறைமுகத்தருகே கப்பலொன்றின் நங்கூரம் இழுபட்டு, 'சீ-மீ-வீ 3' கடலடிக் கேபிளை அறுத்துவிட்டிருந்தது. நாடு முழுவதன் வெளித்தொடர்பே முடங்கியிருக்க, நான் மூன்றடிக் கம்பியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். மகனிடம் மன்னிப்புக் கேட்டதாக ஞாபகமில்லை.

2007 ஜூனில் நேர்ந்தது வேறுவகை. எல்லாத் தளங்களும் திறந்தன. 'தமிழ்நெட்' மட்டும் திறக்கவில்லை. கணினியை நிறுத்தித் தொடங்கினேன், தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். சேவை நிறுவனத்தை அழைத்தபோது வைரஸ் இருக்கலாம் என்றார்கள். ரொறன்ரோவிலுள்ள நண்பரோ அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தலைப்புகளைத் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினார். அரசின் பணிப்பின்பேரில் அத்தளம் இலங்கையில் தடுக்கப்பட்டிருந்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பின்னரே தடை நீங்கியது. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டபோது நான் மொடெத்தைத் தொடவில்லை.

திருகோணமலைச் செய்தியாளர்களைப் பொறுத்தவரை இணைப்பு என்பது கம்பியும் மொடெமும் மட்டுமல்ல. 2006 ஜனவரி 2ஆம் திகதி நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டதை, துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டிய படங்கள் பொய்யாக்கின. அவற்றை எடுத்தவர் 'சுடர் ஒளி'யின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பிறகு அந்த நகரிலிருந்து ஒரு படம் தாமதமாக வந்தால் யாரும் இணைப்பின் வேகத்தைக் குறை கூறவில்லை.

சம்பூரின் கதை அதே ஆண்டில்தான் திரும்பியது. ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதியை இலக்கு வைத்த தற்கொலைத் தாக்குதலுக்குப் பின், அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த அப்பகுதிமீது வான் தாக்குதல் தொடங்கியது. மக்கள் வெளியேறினார்கள். செப்டெம்பர் 4ஆம் திகதி இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. 2007 மேயில் அது உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனமாயிற்று. பிறகு இந்திய நிறுவனமொன்றின் கூட்டுடன் நிலக்கரி மின் நிலையம் அமையுமிடம் என்றானது. கிளிவெட்டி முதலான முகாம்களின் தகரக் கொட்டில்களில் மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2015 ஆகஸ்டில் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். கடற்படை முகாமிருந்த நிலம் 2016இல் விடுவிக்கப்பட்டது. நிலக்கரித் திட்டமும் அவ்வாண்டே கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

மருமகனின் குடும்பம் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் கிணற்றின் கட்டு மட்டும் எஞ்சியிருந்தது. காணி அனுமதிப்பத்திரத்தை அக்கா ஒவ்வோர் இடப்பெயர்விலும் பொலித்தீனில் சுற்றி மடியில் கட்டிச் சென்றார். எல்லைத் தகராறில் வழக்காடுவதற்கு அவர்களிடம் மிஞ்சிய ஒரே சாட்சி அந்த ஏழு பக்கங்கள்தாம்.

"மாமா, எட்டு எட்டு எட்டு எட்டும் பதில் சொல்லுது" என்றான். வெளி உலகம் கிடைக்கிறது. பெயர்களைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவற்றுக்கும் பதில் வந்தது. ஆகவே பெயரை எண்ணாக மாற்றும் சேவையும் நலமே. சிக்னல் சரி, பெயர் சரி, பக்கம் மட்டும் திறக்கவில்லை. ஒருகணம் 2007 நினைவுக்கு வந்தது. ஆனால் எல்லாத் தளமும் ஒருசேர மறுக்கின்றனவே?

"திரையில என்ன எழுதியிருக்கு? அப்பிடியே வாசி." இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறித் தடுமாறி வாசித்தான். பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது, உங்கள் கணினியின் நேரத்தைச் சரிபாருங்கள் என்பது அதன் சாரம்.

"கீழ மூலையில திகதி என்ன?"

சிறிது மௌனம். "2012 ஜனவரி ஒண்டு, மாமா."

இடி முழங்கியதும் அவன் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கியிருக்கிறான். நல்ல பழக்கம்தான். மின்சாரம் இல்லாதபோது கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது தாய்ப்பலகையில் இருக்கும் காசளவான ஒரு பற்றறி. அது செத்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கியவுடன் இயந்திரம் தன் தொழிற்சாலைத் திகதிக்குத் திரும்பிவிடும். இன்றைய தளங்கள் தரும் சான்றிதழ்களுக்கு ஆரம்பத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. 2012இல் நிற்கும் கணினிக்கு அவை இன்னும் பிறக்காதவை. எனவே கதவைத் திறக்க மறுக்கிறது. வித்தியாசம் ஆண்டுக்கணக்கில் இருந்தால் விண்டோஸ் அதைத் தானாகத் திருத்தாமல் விடுவதுமுண்டு.

2012இல் அவன் கிளிவெட்டி முகாமில் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இதை நான் சொல்லவில்லை. அவனே சொல்லிச் சிரித்தான்.

திகதியையும் நேரத்தையும் மாற்றினான். பக்கம் திறந்தது. ஏழு பக்கங்களும் ஒவ்வொன்றாக ஏறின. ஐந்தாவது பக்கத்தில் சிக்னல் விழுந்து, ரௌட்டரை யன்னல் ஓரத்துக்கு நகர்த்திய பின் மறுபடி ஏறியது. பத்தே முக்காலுக்குச் சட்டத்தரணியிடமிருந்து கிடைத்ததாகப் பதில் வந்தது. அக்கா தொலைபேசியை வாங்கி, பத்திரத்தை இனிப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம், ஆனால் பொலித்தீனோடு வையுங்கள் என்றேன்.

பற்றறியின் இலக்கம் 2032. மறுநாள் மூதூரில் வாங்கி வந்து போட்டுவிட்டதாக மருமகன் சொன்னான். வழக்கு இரண்டு மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது.