எல்லைக்கோடும் முதலமடையும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் இருப்புப்பாதையில் முதலமடை என்றொரு சிறு நிலையம் உண்டு. 1932-ஆம் ஆண்டில் தென்னிந்திய ரயில்வேயார் இப்பாதையைத் திறந்தபோது முதலமடை மலபார் ஜில்லாவிலும் பொள்ளாச்சி கோயமுத்தூர் ஜில்லாவிலும் இருந்தன. இரண்டும் சென்னை மாகாணமே. பக்கத்திலுள்ள சித்தூரோ (ஆந்திரத்துச் சித்தூரன்று) கொச்சி மன்னரின் ஆளுகைக்கு உட்பட்டது. ஆகவே முதலமடைக் குடியானவனுக்குப் பொள்ளாச்சிச் சந்தை உள்நாடு. சித்தூர்க் கச்சேரி அயல்நாடு!

1956 நவம்பர் முதல் நாள் இந்நிலை தலைகீழாயிற்று. அதற்கு முன்பே, 1949-இல், திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்தன. அவற்றோடு மலபாரும் காசர்கோடும் சேரக் கேரளம் பிறந்தது. தோவாளை முதலிய நான்கு தென் தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை இராஜ்யத்தை அடைந்தன. தமிழர் வேண்டிய தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. முதலமடைக்கு அயலாயிருந்த சித்தூர் இன்று அதன் தாலுகாத் தலைநகர். உள்நாடாயிருந்த பொள்ளாச்சி வேறு மாநிலம். ஒருவரும் வீடு மாறவில்லை, கோடுதான் மாறிற்று.

அக்காலத்தில் இதற்கு நேர்மாறான யோசனையும் எழுந்தது. சென்னை, கேரளம், மைசூர் ஆகியவற்றை இணைத்துத் தட்சிணப் பிரதேசம் அமைப்பதே அது. பெரியார் கடுமையாக எதிர்த்தார். காமராசரும் அதனைக் கைவிட்டார். நம் இலாகாவில் 1951 ஏப்ரல் 14-இல் மூன்று ரயில்வேக்களை இணைத்துத் தெற்கு ரயில்வே ஆக்கினர். பெயர்ப்பலகையும் படிவங்களும் மாறின, வண்டி ஓடிற்று. மக்களின் மொழியும் நிலமும் அவ்வாறு படிவம் மாற்றி இணைக்கத்தக்கன அல்ல என்பதே நம் துணிபு.

மாநிலங்கள் பிரிந்தாலும் பேச்சு முறியலாகாது என்று கருதிய நேரு, 1955-இல் மண்டலக் குழு என்னும் ஏற்பாட்டை முன்வைத்தார். மறு ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டம் ஐந்து மண்டலங்களை வகுத்தது. தென்மண்டலத்தில் ஆந்திரம், சென்னை, கேரளம் ஆகியவை இடம்பெற்றன. மைசூரைத் தொடக்கத்தில் மேற்கு மண்டலத்தில் பம்பாயோடு வைத்தனர், ஏனோ! மத்திய உள்துறை அமைச்சர் தலைவர். முதலமைச்சர்களும் மாநிலத்துக்கு இவ்விரு அமைச்சர்களும் உறுப்பினர். எல்லைத் தகராறு, மொழிச் சிறுபான்மையோர், மாநிலங்களுக்கிடைப் போக்குவரத்து யாவும் அதன் ஆய்வுக்குரியன. எனினும் அது ஆலோசனை சொல்லலாம், ஆணையிட இயலாது.

பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ப் பங்கீட்டைப் பாருங்கள். மேற்கே ஓடும் ஆற்றுநீரைக் கிழக்கே கோவைச் சமவெளிக்குத் திருப்பும் திட்டம் அது. இரு அரசுகளும் நேரே அமர்ந்து 1970 மே 29-இல் கையெழுத்திட்டன. ஒப்பந்தமோ 1958 நவம்பர் 9 முதற்கொண்டே செல்லும் என்றனர். மணக்கடவில் ஆண்டுக்கு 725 கோடி கன அடி நீர் சித்தூர்ப் பகுதிக்குத் தரப்பட வேண்டும். பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில் இருக்கிறது. அதைப் பேணி இயக்குவது தமிழ்நாடு.

அப் பரம்பிக்குளக் காடு பண்டு கொச்சியினுடையது. அங்கிருந்து சாலக்குடிக்கு மரம் ஏற்றிவர டிராம் பாதையும் இருந்தது. இன்று அது முதலமடைப் பஞ்சாயத்துக்குள் அடங்கும். மலபாரின் சமவெளியும் கொச்சியின் காடும் ஒரே பஞ்சாயத்தாயின. அவற்றை இணைக்கும் சாலையை மட்டும் எவரும் இணைக்கவில்லை. மலைவாழ் குடிகள் தம் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வர, டாப்சிலிப், சேத்துமடை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றி, மீண்டும் கேரளத்துள் நுழையும் நிலை நெடுங்காலம் நீடித்தது.

நம் குடும்பங்கள் அறியவேண்டியது இன்னொன்று. 1956-இன் ஏழாவது அரசியல் திருத்தம், சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி தர முயலுமாறு மாநிலங்களைப் பணித்தது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்கும் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். விடையையும் தமிழிலேயே பெறலாம்.